ஐந்தாவது கோர்

சந்தானகோபாலன் சார் சந்தனக் கிண்ணத்தோடு என் மேசைக்கு வந்து, ஃபயர்வாலுக்கு எந்த இடத்தில் பொட்டு வைப்பது என்று கேட்டார்.

"அது வர்ச்சுவல் சார். அதுக்கு நெத்தியே கிடையாது" என்றேன்.

அவர் எங்கள் இயக்குநர். நாத்திகனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, என் கீபோர்டின் மேல் ஒரு பொட்டு வைத்தார். எண் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே சந்தனம் வழிந்தது. வெள்ளியும் சனியும் பூஜை விடுமுறை என்பதால் ஊரில் எல்லா அலுவலகங்களையும் போல நாங்களும் வியாழனே ஆயுத பூஜை கொண்டாடினோம். பொரி, சுண்டல், வாசலில் பூசணிக்காய். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. சுண்டல் நன்றாகவே இருந்தது.

ஆட்சேபம் வேறு. ஆயுதத்துக்கு அன்றைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, எங்கள் ஃபயர்வால்கள் ஓடிக்கொண்டிருந்த பெரிய மெஷினை முந்தின நாளே அணைத்து, துடைத்து, மாலை போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அதில் இருந்த ஃபயர்வால்களை அப்படியே தூக்கிப் பக்கத்து மெஷினில் குடிவைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. திங்கட்கிழமை நல்ல நேரத்தில் ஆயுதத்தைக் கையில் எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு வேறு. கத்திக்கும் கடப்பாரைக்கும் சொன்ன சம்பிரதாயத்தை, நாலாயிரம் பேருடைய வாய்க்கு வைத்துவிட்டார்கள்.

வாய் என்று சும்மா சொல்லவில்லை. பேச்சு போனவர்களுக்குப் பேச்சு கொடுப்பதுதான் எங்கள் தொழில். பக்கவாதத்தில் நாக்கு விழுந்தவர், தொண்டையை வெட்டி எடுத்தவர், இப்படிப்பட்டவர்களின் மண்டைக்குள் அரிசி அளவு கருவி ஒன்று இருக்கும். அவர்கள் சொல்ல நினைப்பதை அது படித்து சிறுசேரியில் இருக்கும் எங்கள் டேட்டா சென்டருக்கு அனுப்பும். இங்கே அது வாக்கியமாகித் திரும்பிப்போய், தொண்டையில் ஒட்டிய வில்லையிலிருந்து அவர்களுடைய பழைய குரலிலேயே ஒலிக்கும். நடுவில் ஃபயர்வால் ஒன்று நிற்கும். அதைக் காப்பது நான். என் பெயர் தணிகாசலம். பல வருஷம் முன்னால் ஒரு பணக்காரரின் லைனுக்குள் எவனோ புகுந்து, அவர் தொண்டையிலேயே 'சம்மதம்' என்று சொல்லவைத்துச் சொத்தை எழுதி வாங்கிவிட்டான். அன்று வந்தது சட்டம். சோதிக்காமல் ஒரு சொல்லும் தொண்டைக்குப் போகக் கூடாது. போகவிட்டவனுக்கு லைசென்ஸ் ரத்து. நிலைமையைப் பொறுத்து ஜெயில்.

ஃபயர்வாலுக்கு எட்டு கோர். கோர் என்றால் கவுன்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தக் கவுன்ட்டருக்குப் போக வேண்டும் என்பதை அவரவர் எண்ணை வைத்து மெஷினே முடிவு செய்யும். ஒருமுறை முடிவானால் அதே கவுன்ட்டர்தான். ஒருவருடைய சொற்களை இரண்டு கவுன்ட்டரில் பிரித்துவிட்டால் முன்னே போனது பின்னே வரும். 'நீ வேண்டும், அவன் வேண்டாம்' என்பது 'அவன் வேண்டும், நீ வேண்டாம்' என்று வந்து நிற்கும். ஆகையால் ஏழு கவுன்ட்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும், எட்டாவதில் வரிசை தெருமுனைவரை நின்றாலும், வரிசையில் நிற்பவர் இடம் மாற முடியாது.

எங்கள் ஐந்தாவது கோர் மாதக்கணக்காக நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். எழுதினேன். படம் வரைந்து காட்டினேன். சந்தானகோபாலன் சார் சராசரியைப் பார்ப்பார். சராசரி இருபத்திரண்டு. "எழுபத்தெட்டு பர்சன்ட் ஃப்ரீயா இருக்கேப்பா" என்பார். சராசரி ஆழம் மூன்றடி என்று கணக்குப் போட்டுக் குடும்பத்தோடு ஆற்றில் இறங்கினவன் இவருக்குத் தாயாதியாகத்தான் இருக்க வேண்டும். என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு முறை எட்டு கோரைப் பதினாறாக ஆக்கினார். நிஜ மெஷினில் இருந்தது எட்டுதான். பதினாறு என்பது பெயருக்கு. ஒரு நாற்காலியில் இரண்டு குமாஸ்தாக்கள் மாறி மாறி உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் உட்காரவுமே நேரம் போகும். எல்லார் பேச்சும் இழுக்க ஆரம்பித்தது. திரும்ப எட்டாக்க நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் அனுப்பிய புகாரையெல்லாம் 'ஏற்கெனவே பதிவானது' என்று சொல்லி சிஸ்டமே மூடிவிட்டது.

அந்த ஐந்தாவது கோரில்தான் தேசம்மா இருந்தார்.

காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். அறுபது வயதுக்கு மேல். ஏலக்காரிக்கு வாய்தான் மூலதனம். எதிராளி யோசிப்பதற்குள் அடுத்த விலை வாயிலிருந்து வர வேண்டும். போன வருஷம் பக்கவாதம் வந்து வாய் போயிற்று. எங்கள் கருவி வாயைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் நாலைந்து விநாடி தாமதமாக. பிள்ளைகள் இல்லை. தம்பி மகன் குபேந்திரன் இதுதான் சமயம் என்று பாதுகாவலர் மனு போட்டுவிட்டான். அத்தைக்குப் புத்தி தெளிவில்லை, இனி அவர் சார்பில் நான் முடிவெடுக்கிறேன் என்று. மனு நிறைவேறினால் அதன் பிறகு தேசம்மா சொல்லும் 'வேணாம்' எங்கேயும் செல்லாது. வீடும் படகும் அவன் கைக்குப் போகும். திருவள்ளூர்ப் பக்கம் ஏதோ ஒரு இல்லத்துக்கு இவர் போவார்.

மருத்துவக் குழுவின் முந்தைய விசாரணையில் நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும். டாக்டர் பெயரைக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை என்று, இது என்ன மாதம் என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் முதல் பதில் வந்து சேர்ந்தது: 'தேசம்மா'. நாட்டின் தலைநகர் எது என்று கேட்டபோது 'ஆனி மாசம்' என்றார். உங்கள் தம்பி மகன் யார் என்றதற்கு 'டெல்லி' என்றார். சிந்தனைத் தெளிவு இல்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டார். எல்லாப் பதிலும் சரி. ஒரு படி தள்ளி வந்தது, அவ்வளவுதான். அதை விளக்கி நான் எழுதிய கடிதத்துக்கு, தொழில்நுட்பக் காரணங்களைக் குழு கணக்கில் கொள்ளாது என்று பதில் வந்தது.

இறுதி விசாரணை அந்த வியாழக்கிழமைதான். மத்தியானம் மூன்று மணிக்கு.

சாப்பாட்டு நேரத்தில் தேசம்மா என்னைக் கூப்பிட்டார். அலோ என்றேன். மௌனம். பக்கத்து மெஷினில் ஒண்டுக்குடித்தனம் போன புண்ணியத்தில் நாலைந்து விநாடி பதினொன்றாகியிருந்தது.

"இன்னாபா தணிகா, உன் மிஷினு இன்னும் தூங்கினுகீதா? மனசுல டக்குனு வருது. வாய்ல வர்றதுக்குள்ள கேட்டவனே எய்ந்து பூட்றான். இன்னிக்கும் இப்டியே ஆச்சின்னா அந்தப் பய என்னிய மூட்டை கட்டிடுவான்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சந்தானகோபாலன் சாரிடம் போனேன். மாலை போட்ட மெஷினை எழுப்பி ஃபயர்வாலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகலாம் என்றேன். பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது, சராசரியும் இருபத்திரண்டுதான், அந்த அம்மாவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிடு என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூசணிக்காயை நானே உடைத்திருப்பேன்.

இடத்துக்கு வந்து, கீபோர்டில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு, ஐந்தாவது கோருக்குள் இறங்கினேன். நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கும் வரிசையில் ஒரே ஒரு கருவி மட்டும் முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அனுப்புவதும் ஒரே வாக்கியம். அச்சு மாறாமல், இடைவிடாமல். ஃபயர்வால் அதை ஒவ்வொரு முறையும் முழுசாகச் சோதித்து, தாக்குதல் என்று தீர்மானித்து, தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. போட்டதும் கருவி மறுபடி அனுப்பும். ஒரே வாக்கியத்தை இத்தனை முறை மெஷின்தான் சொல்லும், மனிதன் சொல்ல மாட்டான் என்பது ஃபயர்வால் செய்தவனின் கணக்கு. அந்த மகானுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

தாக்குதல் என்றால் வைத்தியம் எளிது. கவுன்ட்டர்வரை வரவிடாமல் கேட்டிலேயே தடுத்துவிட வேண்டும். ஒரு வரி எழுதினேன். ஐந்தாவது கோர் நூறிலிருந்து விழுந்து பத்தில் நின்றது. தேசம்மாவைக் கூப்பிட்டேன்.

"அலோ—"

"இன்னாபா, சரி பண்ட்டியா?" என்றார் அந்த நொடியே. பிறகு லைனில் மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. அவர் அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, குபேந்திரனைத் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். தேடிக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் உடனுக்குடன் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. மேடவாக்கத்தில் எங்கள் கருவி பொருத்தியவர்களுக்கான வார்டு ஒன்று உண்டு. அங்கிருந்து சிஸ்டர் எமிலி என்கிற நர்ஸ் கூப்பிட்டார். ஏழாம் நம்பர் கட்டிலில் இருப்பவரின் வில்லையில் சிவப்பு விளக்கு எரிகிறது, லைனை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். எண்ணைச் சொல்லச் சொன்னேன். நான் தடுத்த எண்.

அவர் பெயர் ஞானப்பிரகாசம். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். கை கால் எதுவும் அசையாது. கருவி வைத்து எட்டு மாதமாகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்கு நினைவே இல்லை என்று டாக்டர்கள் முடிவு கட்டிவிட்டார்களாம்.

"கண்ணு மட்டும் தொறந்தே இருக்கும் சார். மேலயே பாத்துக்கிட்டு இருப்பார்" என்றார் எமிலி.

பழைய பதிவைத் தோண்டினேன். கருவி வைத்த அன்று, அவர் தொண்டையில் வில்லையை ஒட்ட யாரோ மறந்துவிட்டார்கள். சாயங்காலம்தான் ஒட்டினார்கள். அதற்குள் மனிதர் தான் சொல்வது யார் காதிலும் விழாமல், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஃபயர்வால் அவரைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றிவிட்டது. பட்டியலில் ஏறிய கருவி என்ன அனுப்பினாலும் குப்பைக்குத்தான் போகும். இறக்குவதற்கு இயக்குநர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இயக்குநர் சராசரி பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக ஒரு மனிதர் விடாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் அதற்குத் தாக்குதல் என்று பெயர் வைத்திருந்தோம்.

இதில் இன்னொரு கொடுமை இருந்தது. கேட்டில் தடுத்த கருவி ஒரு மணி நேரம் அப்படியே இருந்தால், தன்னை எவனோ கடத்திவிட்டான் என்று நினைத்துத் தன்னையே அழித்துக்கொள்ளும். பிறகு மண்டையைத் திறந்துதான் மாற்ற வேண்டும். நினைவே இல்லை என்று முடிவு கட்டிய ஒருவருக்கு யார் மண்டையைத் திறக்கப் போகிறார்கள்? தடையை எடுத்தால் ஐந்தாவது கோர் மறுபடி நூறு. தேசம்மா மறுபடி 'டெல்லி'. தடையை விட்டுவைத்தால், தேசம்மாவின் விசாரணை முடிவதற்குள் ஞானப்பிரகாசம் நிரந்தர ஊமை.

சந்தானகோபாலன் சாரிடம் ஓடினேன். பட்டியலிலிருந்து இறக்குங்கள் என்றேன். அவர் அமைதியாகத்தான் பதில் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"பேசாதவருக்கு லைன் எதுக்குப்பா? ரூல் படி லாக் ஆகட்டும். திங்கக்கிழமை நல்ல நேரம் பாத்துப் பேசுவோம்."

ஒரு வழி இருந்தது. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் தொடாத வழி. குறிப்பிட்ட ஒரு கருவிக்கு மட்டும் பைபாஸ் போடலாம். அது அனுப்புவது எந்தக் கவுன்ட்டரிலும் நிற்காமல், சோதனை இல்லாமல் நேரே தொண்டைக்குப் போகும். கோருக்குச் சுமையே கிடையாது. ஆனால் சட்டம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்கிறதோ அது இதுதான். அந்த வாக்கியம் நிஜமாகவே எவனோ ஒருவன் வைத்த வெடியாகவும் இருக்கலாம். ஒரே வாக்கியம் என்பது அதன் அளவிலும் அச்சிலும் தெரியுமே தவிர, என்ன வாக்கியம் என்று பார்க்க வழியில்லை. அடுத்தவர் பேச்சை ஃபயர்வால் சேமிக்காது. பயமாக இருந்தது. வீட்டுக் கடன் ஞாபகம் வந்தது, மகளின் ஸ்கூல் ஞாபகம் வந்தது. ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. நானும்தான் மாதக்கணக்காக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னையும் ஒரு மெஷின் 'ஏற்கெனவே பதிவானது' என்று குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது.

பைபாஸ் போட்டேன். எமிலியிடம், போனை அவர் கழுத்தருகே வையுங்கள் என்றேன்.

முதலில் மூச்சுச் சத்தம். அப்புறம் ஒரு கனத்த குரல். மைதானத்தில் ஐநூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்த குரலாக இருக்க வேண்டும். அது எவ்வளவு தணிந்து வந்தது தெரியுமா.

"ஃபேனைக் கொஞ்சம் குறைங்களேன். குளிருது."

எமிலி அலறவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோகும் சத்தம் கேட்டது. ரெகுலேட்டர் திரும்பும் சத்தம். நான் திரையைப் பார்த்தேன். ஞானப்பிரகாசத்தின் லைனில் ஒன்றுமே இல்லை. எட்டு மாதத்தில் முதல் முறையாக அவர் சும்மா இருந்தார்.

மூன்றரைக்குத் தேசம்மா கூப்பிட்டார். டாக்டர் பெயர் கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் சொன்னாராம். மாதம், தலைநகர் எல்லாம் பட்பட்டென்று. குபேந்திரனின் வக்கீல், இது மனப்பாடம் செய்தது என்று ஆட்சேபித்திருக்கிறார். உடனே தேசம்மா குபேந்திரனையே கூடையில் வைத்து ஏலம் விட்டாராம். நன்றாகக் கூவிப் பார்த்தும் அரைக் கூடை சங்கரா மீனுக்கு மேல் யாரும் கேட்கவில்லையாம். டாக்டர் சிரித்துவிட்டாராம். மனு தள்ளுபடி. அப்போது அவரிடம் ஞானப்பிரகாசத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அடைத்துக்கொண்டிருந்த வரிசையில்தான் நீங்கள் நின்றீர்கள் என்றும், அவர் கேட்டது என்ன என்றும். தேசம்மா வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் தாமதித்தார். லைன் சரியாகத்தான் இருந்தது.

"எட்டு மாசமா ஒருத்தன்கூட அண்ணாந்து பாக்கலியா?" என்றார்.

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் சந்தானகோபாலன் சார் மெஷினை எழுப்பி, ஃபயர்வால்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சராசரி இருபத்திரண்டிலிருந்து பதினொன்றாகக் குறைந்திருப்பதாகவும், ஓய்வு கொடுத்ததன் பலன் இது என்றும், அடுத்த வருஷம் எல்லா மெஷினுக்கும் ஓய்வு தரப்படும் என்றும் எல்லாருக்கும் மெயில் போட்டார். அதற்கு அடுத்த மெயில் எனக்கு. விடுமுறையில் நடந்த தணிக்கையில் பைபாஸ் பிடிபட்டிருந்தது. லைசென்ஸ் நிறுத்திவைப்பு, விசாரணை முடியும்வரை வேலையும் இல்லை. பைபாஸை எடுத்துவிட்டார்கள். ஞானப்பிரகாசத்தைப் பட்டியலிலிருந்து இறக்கும் விஷயத்தைக் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, கையில் ஒரு பொட்டலம் பொரி கொடுத்து அனுப்பினார்கள். மிச்சம் போலிருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் நின்று யாரையாவது கடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தேசம்மா கூப்பிட்டார். அலோ என்றேன். பதில் இல்லை. அலோ, அலோ என்றேன். பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, கிளம்பியும் போயிற்று.

"மறுக்கா லேட்டாவுதுபா" என்றது குரல். "காலைலேர்ந்து. அந்தாளுக்கு இன்னாவோ வோணும் போலக்கீது. போயி பாரு."

வார்டுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. மேடவாக்கம் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இத்தனை வருஷம் அந்த வார்டின் பேச்சு முழுவதும் என் வழியாகத்தான் போயிற்று. ஒரு நாளும் நான் அங்கே போனதில்லை.

எமிலிக்கு அன்று லீவ். வேறொரு நர்ஸ் இருந்தார். உள்ளே ஒரே புழுக்கமாக இருக்கிறதே என்று காலையில் எல்லா ஃபேனையும் முழுசாக வைத்தாராம். ஏழாம் நம்பர் கட்டில் ஒரு ஃபேனுக்கு நேர் கீழே. அதில் படுத்திருந்தவர் நல்ல உயரம். கழுத்தில் வில்லை. கண்கள் மேலே பார்த்தபடி, இமைக்காமல். கை ரோமங்கள் குத்திட்டு நின்றன. வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் சிறுசேரியில் ஐந்தாவது கோர் நூறில் திணறிக்கொண்டிருக்கும். அதைத் திரையில் பார்த்துச் சராசரி இருபத்திரண்டுதான் என்று யாராவது சந்தோஷப்படுவார்கள்.

சுவரில் ரெகுலேட்டர் ஐந்தில் இருந்தது. ஒன்றுக்குத் திருப்பினேன். கால்மாட்டில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து அவர் மார்புவரை போர்த்திவிட்டேன். அவர் கண்கள் மெதுவாகக் கீழே இறங்கி என்னைப் பார்த்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டன.

வராந்தாவுக்கு வந்து தேசம்மாவைக் கூப்பிட்டேன்.

"அலோ—"

"கொறச்சிட்டியா?" என்று கேட்டார், நான் வாயை மூடுவதற்குள்.